சாம்பலும் சவர்க்காரமும்

சில மாதங்களுக்கு முன், கல்லூரியில் முதலாண்டு பயிலும் என் பேத்தி, பாத்திரம் விளக்கும் சோப்பு வில்லை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். “தாத்தா, கடையில் விற்கும் இவையெல்லாம் கெடுதல் என்கிறார்கள். அந்தக் காலத்தில் சாம்பலும் புளியும் சீயக்காயும் வைத்துக்கொண்டே வீடு முழுவதையும் சுத்தம் செய்தார்களாம். அதுதான் நல்லது என்கிறார்கள். நீங்கள் இரண்டு காலத்தையும் பார்த்தவர். எது உயர்ந்தது, சொல்லுங்கள்” என்றாள். அவள் கையிலிருந்த வில்லையின் உறையை நோக்கினேன். அதில் எலுமிச்சம்பழம் ஒன்று பளபளவென்று அச்சிடப்பட்டிருந்தது. வீட்டிலிருந்து வெளியேறிய எலுமிச்சம்பழம், கடை வழியாக, விலையோடு வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தது!

நான் 30 ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வரலாறு கற்பித்தவன். வரலாற்றாசிரியனிடம் ‘எது உயர்ந்தது?’ என்று கேட்டால், ‘எந்தக் காலத்தில்? யாருக்கு?’ என்று அவன் திருப்பிக் கேட்பான். நானும் அவ்வாறே கேட்டேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். ஆயினும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அரசர்களின் போர்களைப் பற்றி எழுதிய அளவுக்கு, வீட்டை விளக்கித் துடைத்த பொருள்களைப் பற்றி நாம் எழுதியதில்லை. மாணவ நண்பர்களே, அந்த வரலாற்றில் ஒரு பகுதியை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூர் நான் பிறந்த ஊர். 1950களின் இறுதியில் எங்கள் வீட்டில் நாள்தோறும் 14 பேருக்கு உலை ஏறும். கொல்லைக் கிணற்றடியில் ஒரு துவைகல் இருக்கும். அதன் பக்கத்தில், உடைந்த சட்டி ஒன்றில் சலித்த அடுப்புச் சாம்பல். மற்றொன்றில், குழம்புக்குக் கரைத்துப் பிழிந்து எடுத்த புளிச்சக்கை. ஒரு கொட்டாங்கச்சியில் இடித்த செங்கற்பொடி. தேய்ப்பதற்குத் தேங்காய் நார். கூடத்து மாடத்தில் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் தனித்தனிப் பானைகளில் இருக்கும். தரை மெழுகச் சாணம் தொழுவத்திலிருந்து வரும். கடையிலிருந்து வந்தவை இரண்டே பொருள்கள். ஒன்று துணிக்குப் போடும் நீலம். மற்றொன்று நீண்ட சவர்க்காரக் கட்டி. அந்தக் கட்டியை என் தாயார் நூலால் அறுத்து, துண்டு துண்டாக அளந்து கொடுப்பார். அது தீர்ந்துபோனால் அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இவற்றை வெறும் பழக்கம் என்று எண்ணிவிடலாகாது. ஒவ்வோர் அழுக்குக்கும் அதற்குரிய பொருளை அந்த வீடு தேர்ந்து வைத்திருந்தது. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்னும் காரப்பொருள் உண்டு. அது எண்ணெய்ப் பிசுக்கிலுள்ள கொழுப்பு அமிலங்களோடு கூடி, அந்தப் பாத்திரத்தின் மேலேயே சிறிதளவு சோப்பை உண்டாக்குகிறது. சாம்பலின் நுண்துகள்கள் கரியைச் சுரண்டுகின்றன. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் பித்தளையிலும் செம்பிலும் படியும் களிம்பைக் கரைக்கிறது. பூந்திக்கொட்டையின் தோலிலும் சீயக்காயிலும் உள்ள சபோனின் நீரில் நுரைத்து எண்ணெயை அகற்றுகிறது. பட்டு என்பது புரதத்தாலான நூல். கடுமையான காரம் பட்டால் அது நலியும். ஆதலால் பட்டுப்புடவைக்குச் சவர்க்காரம் கூடாது, பூந்திக்கொட்டைதான் என்று எங்கள் பாட்டி கண்டிப்பாகச் சொல்வார். கார்பனேட் என்னும் பெயரையும் சபோனின் என்னும் பெயரையும் அவர் கேட்டதே இல்லை. ஆனால் எது எதைத் தின்னும் என்பது அவருக்குத் தெரியும்.

அக்கிணற்றடியைப் பற்றிச் சொல்லும்போது என் மூத்த சகோதரியை விட்டுவிட்டுச் சொல்ல இயலாது. எனக்கு எட்டு வயதாயிருந்தபோது தாயார் நோயில் விழுந்தார். பற்றுப்பாத்திரம் துலக்கும் பொறுப்பு அக்காளின் மேல் வந்தது. விடியுமுன் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. விறகடுப்பில் ஏறி இறங்கும் பாத்திரங்களின் அடிக்கரி இலேசில் போவதன்று. சில நாள் பள்ளிக்குத் தாமதமாகச் சென்றாள். பிறகு சில நாள் செல்லாமலிருந்தாள். எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. சாம்பற்காரம் தின்று அவள் விரல் இடுக்குகள் வெடித்திருக்கும். இரவில் அவற்றில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, என் வரலாற்றுப் பாடநூலை வாங்கிப் படிப்பாள். சாம்பலுக்கு விலையில்லை என்று அந்நாளில் எல்லோரும் சொன்னோம். அவள் கணக்கில் அதற்கு ஒரு விலை இருந்தது.

இனி, இந்தக் காரத்தின் பழைய வரலாற்றைப் பார்ப்போம். புறநானூற்றின் 311ஆம் பாட்டு, ஒரு வீரனைப் பற்றி ஔவையார் பாடியது. அவன் உடுத்தும் வெள்ளாடையைக் குறிப்பிடும்போது, களர்நிலத்தில் தோண்டிய கிணற்றில் நாள்தோறும் துணி வெளுக்கும் பெண்ணைப் பற்றிய செய்தியையும் புலவர் சொல்லிவிடுகிறார். பயிருக்கு உதவாத அந்தக் களர்நிலம் வெளுப்புக்கு உதவியது. ஏனெனில் அதன் மண்ணிலும் நீரிலும் காரம் இருந்தது. துணிக்குக் கஞ்சிப்பசை இடும் வழக்கத்தைக் குறுந்தொகையில் காண்கிறோம். ஆகவே நம் நாட்டில் துணி வெளுத்தல் என்பது ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே தனித் தொழிலாக இருந்தது.

அத்தொழில் முறை எங்கள் சிறுவயது வரை தொடர்ந்தது. உவர்மண் கரைத்த நீரில் துணிகளைத் தோய்த்து, பானைகளின் மேல் அடுக்கி, இரவு முழுவதும் ஆவியில் வேகவைப்பார்கள். அதற்கு வெள்ளாவி என்று பெயர். மறுநாள் ஆற்றங்கரையில் அடித்துத் துவைத்து, வெயிலில் விரிப்பார்கள். காரம், வெப்பம், அடி, வெயில் என்னும் நான்கும் சேர்ந்து வெண்மையைத் தந்தன. சென்னையிலுள்ள வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதிக்காக வாங்கிய துணிகளை வெளுத்துக் கொடுத்த தொழிலாளர் குடியிருந்த இடம். ஐரோப்பாவுக்குச் சென்ற மதராஸ் துணியின் வெண்மையில் அவர்களின் கைத்திறன் இருந்தது. அத்திறனுக்கு நம் சமூகம் தந்த கூலியோ தானியப்படி. தந்த இடமோ ஊரின் ஓரம். ‘வீட்டு முறை’ என்று நாம் போற்றுவதில் வீட்டுக்கு வெளியே நின்றவர்களின் உழைப்பும் கலந்திருந்ததை மறக்கலாகாது.

காரத்தின் தேவை நமக்கு மட்டும் உரியதன்று. ‘ஆல்கலி’ என்று வேதியியல் நூல்களில் பயில்கிறீர்களே, அச்சொல் அரபு மொழியிலிருந்து வந்தது. செடியை எரித்த சாம்பலைக் குறிப்பது. நம்முடைய சவர்க்காரம் என்னும் சொல்லிலும் காரம் அடங்கியிருக்கிறது. ஐரோப்பியர் சோப்புக்கும் கண்ணாடிக்கும் வேண்டிய காரத்தைப் பெற, காட்டு மரங்களையும் கடற்பாசியையும் ஸ்பெயின் நாட்டுக் கடலோரச் செடிகளையும் எரித்தார்கள். ஆலைகள் பெருகப் பெருகச் சாம்பல் போதவில்லை. இக்குறையைத் தீர்த்தவர் நிக்கோலா லெப்ளாங்க் என்னும் பிரெஞ்சுக்காரர். உப்பிலிருந்து சோடா எடுக்கும் முறைக்கு 1791ஆம் ஆண்டு அவர் காப்புரிமை பெற்றார். பிரெஞ்சுப் புரட்சியில் அவருடைய ஆலை பறிபோயிற்று. 1806இல் வறுமையில் மாண்டார். அவர் கண்ட முறை மட்டும் உலகெங்கும் பரவியது.

சாம்பலின் இடத்தை ஆலைச் சோடா பிடித்துக்கொண்டதும் சோப்பு மலிந்தது. சோப்பு என்பது என்ன என்பதும் விளங்கியது. கொழுப்பு எவ்வாறு காரத்தோடு கூடிச் சோப்பாகிறது என்பதை மிஷேல் செவ்ரெல் ஆராய்ந்து 1823இல் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் 1712 முதல் சோப்பின் மேல் வரி இருந்தது. ஏழைகளின் தூய்மைக்கு விதித்த வரியாகிய அது, 1853இல் கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோது நீக்கப்பட்டது. ஆனால் லெப்ளாங்க் முறையில் ஒரு பெருந்தீங்கும் இருந்தது. ஆலைகளின் புகைபோக்கி வழியே ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி வெளியேறிச் சுற்றிலுமிருந்த மரங்களையும் பயிர்களையும் கருக்கியது. மக்கள் முறையிட்டதன் பயனாக, 1863இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, அந்த ஆவியில் 95 சதவீதத்தையாவது ஆலைகள் பிடித்துவிட வேண்டும் என்று கட்டளையிட்டது. ஒருவர் வீடு தூய்மையாகும்போது மற்றொருவர் காற்று அழுக்காகலாம் என்பதை உலகம் அப்பொழுதே கண்டது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வேறு வடிவில் மீண்டும் வரும்.

அதுவரை மளிகைக்காரர் நீண்ட சோப்புக் கட்டியை அறுத்து நிறுத்து விற்பார். 1884இல் வில்லியம் லீவர் என்பவர் ‘சன்லைட்’ என்னும் பெயரிட்டு, வில்லைகளாக்கி, உறையிட்டு விற்கத் தொடங்கினார். 1888இல் அச் சோப்பு கல்கத்தாத் துறைமுகத்தில் வந்து இறங்கியது. அதன்பின் சோப்பு என்பது ஒரு பொருளாக மட்டுமின்றி ஒரு பெயராகவும் விற்கலாயிற்று.

நம் நாட்டவர் அதை உடனே வரவேற்கவில்லை. மேல்நாட்டுச் சோப்பில் விலங்குக் கொழுப்பு இருக்குமோ என்னும் ஐயம் பலரைத் தடுத்தது. இந்த ஐயமும் சுதேசி உணர்ச்சியும் சேர்ந்து இந்தியச் சோப்புத் தொழிலை வளர்த்தன. மதராஸ் அரசாங்கத்தின் மீன்வளத் துறையை நிறுவிய சர் பிரடெரிக் நிக்கல்சன், மலபார்க் கரையில் கிடைத்த மீனெண்ணெயைக் கொண்டு சோப்பு செய்து பார்த்தார். அம்முயற்சி வளர்ந்து, 1914இல் கோழிக்கோட்டில் அரசாங்கச் சோப்பு நிலையமாக உருவெடுத்தது. 1917இல் டாட்டா எண்ணெய் ஆலை நிறுவனம் தோன்றி, கொச்சிப் பகுதியின் தேங்காயெண்ணெயை அடிப்படையாகக் கொண்டு தொழில் நடத்தியது. வங்கத்தில் பிரபுல்ல சந்திர ராய் தொடங்கிய பெங்கால் கெமிக்கல்ஸ் நிறுவனம், மருந்துகளோடு பினாயிலும் செய்து விற்றது. சுதந்திரத்துக்குப் பின், உணவுக்கு உதவாத வேம்பு, புன்னை, இலுப்பை எண்ணெய்களிலிருந்து சோப்பு செய்வதைக் கிராமத் தொழில்களில் ஒன்றாக்கிக் கதர் இயக்கத்தினர் ஊக்கினர். கடைச்சரக்கு என்றால் அயற்சரக்கு என்று பொருள்கொள்ள வேண்டியதில்லை என்பதற்கு இவை சான்றுகள்.

இதற்கிடையே ஐரோப்பாவில் ஒரு புதுப்பொருள் தோன்றிவிட்டது. முதல் உலகப் போரின்போது ஜெர்மனியில் கொழுப்புக்குப் பஞ்சம். உண்ணவே கொழுப்பில்லாதபோது சோப்புக்கு எங்கே போவது? கொழுப்பின்றி அழுக்கை நீக்கும் செயற்கைப் பொருள்களை அந்நாட்டு வேதியியலார் தேடினர். அத்தேடலில் பிறந்தவையே இன்று நாம் டிடர்ஜெண்ட் என்று சொல்லும் சலவைத்தூள்களின் முன்னோடிகள். அமெரிக்காவில் 1933இல் ‘டிரெஃப்ட்’ என்னும் தூளும், 1946இல் ‘டைட்’ என்னும் தூளும் கடைக்கு வந்தன. இந்தியாவில் 1959இல் ‘சர்ஃப்’ வந்தது. இதன் சிறப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும. சோப்பு, உப்புக்கிணற்று நீரிலுள்ள கால்சியம், மக்னீசியத்தோடு கூடித் திரிந்து, துணியில் மங்கலாகப் படிந்துவிடும், நுரையும் வராது. புதிய தூளுக்கு அந்தக் குறை பெரிதாக இல்லை. கடின நீரோடு மல்லாடும் ஊர்களில் இது சிறிய வசதியன்று.

விலைதான் தடையாக இருந்தது. அத்தடையைத் தகர்த்த வரலாறு, ‘வீடா, கடையா’ என்னும் நம் கேள்வியையே குழப்பிவிடுகிறது. 1969இல் ஆமதாபாத்தில் அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த கர்சன்பாய் படேல் என்னும் வேதியியலார், தம் வீட்டுப் பின்புறத்தில் சலவைத்தூளைத் தாமே கலந்து, சைக்கிளில் வைத்து வீடு வீடாக விற்றார். பெரிய நிறுவனத்தின் தூளைவிடப் பன்மடங்கு மலிவாக அவர் கொடுத்தார். அதுவே ‘நிர்மா’. வீட்டில் பிறந்த தூள்தான் நாட்டின் கடைகளையெல்லாம் நிறைத்தது. ஆகவே ஒரு பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதைக் கொண்டு மட்டும் அதன் குணத்தை அறுதியிட இயலாது.

புதுப்பொருளுக்குரிய புதுத்தீங்கும் விரைவில் வெளிப்பட்டது. தொடக்ககாலத் தூள்களில் இருந்த நுரைப்பொருளின் மூலக்கூறு கிளைகள் உடையது. நீரிலுள்ள நுண்ணுயிர்களால் அதை எளிதில் சிதைக்க முடியவில்லை. 1950களில் மேல்நாட்டு ஆறுகள் நுரை பொங்கி ஓடின. மேற்கு ஜெர்மனி 1961இல் இதற்காகச் சட்டம் இயற்றியது. 1960களின் நடுவில் அங்கும் அமெரிக்காவிலும், எளிதில் சிதையக்கூடிய, கிளையற்ற மூலக்கூறுக்கு ஆலைகள் மாறின. அடுத்து, தூளில் கலந்த பாஸ்பேட் ஏரிகளில் பாசியைப் பெருக்கியது. 1970களில் அமெரிக்காவும் கனடாவும் தம் பேரேரிகளைக் காக்க அதற்குக் கட்டுப்பாடு விதித்தன. குற்றத்தை அறிந்தால் திருத்தவும் முடியும் என்பதை இந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

நம்முடைய நிலையோ இன்னும் திருந்தவில்லை. பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியில் 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் நுரை மதில்போல் எழுந்து சாலைகளில் பறந்ததைச் செய்தித்தாள்களில் கண்டோம். அந்த ஏரி நீர் வழிந்து சேருமிடம் தென்பெண்ணையாறு. அவ்வாறு தமிழகத்துக்குள் நுழைந்ததும் முதலில் தேங்கும் இடங்களுள் ஒன்று ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணை. அங்கும் பலமுறை நுரை பொங்கியது. ஆலைக்கழிவோடு, சுத்திகரிக்கப்படாத வீட்டுச் சாக்கடையும் அதற்குக் காரணம். ஒரு நகரத்தின் எண்ணற்ற வீடுகளில் துணி வெளுத்த நீர், வேறொரு மாநிலத்து உழவனின் வாய்க்காலில் வந்து நிற்கிறது. 1863இல் இங்கிலாந்தில் காற்றில் கண்டதை நாம் இங்கே நீரில் காண்கிறோம்.

அப்படியாயின் பழைய பொருள்களுக்கே திரும்பிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவை எல்லாம் தீங்கற்றவை என்று எண்ணுவதும் பிழை. பூந்திக்கொட்டையின் சபோனின் மீன்களுக்கு நஞ்சு. அத்தகைய காய்களை நீரில் கலக்கி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கமே உண்டு. சாணம் மண் தரையைத் தூசியெழாமல் காத்தது உண்மை. ஆனால் அதில் ரண ஜன்னி நோயின் வித்துகள் இருக்கக்கூடும். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியில் சாணம் தடவும் வழக்கத்தால் மாண்ட சிசுக்கள் பல. தடுப்பூசியும் தூய்மையான பிரசவமும் பரவிய பின்னரே, 2015இல், பிறந்த குழந்தைகளைத் தாக்கும் ரண ஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. மறுபுறம், ஆலையில் பிறந்த குளோரின் சுண்ணாம்பின் கதையைப் பாருங்கள். 1799இல் சார்லஸ் டென்னன்ட் துணி வெளுக்க உருவாக்கிய தூள் அது. 1847இல் வியன்னா மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், அது கரைத்த நீரில் மருத்துவர்களைக் கை கழுவச் செய்து, பிரசவத்துக்கு வந்த தாய்மார்களின் இறப்பைப் பெரிதும் குறைத்தார். அந்தத் தூளைத்தான் நாம் பிளீச்சிங் பவுடர் என்கிறோம். கிணற்று நீரிலிருந்த காலரா கிருமியைக் கொன்றதும் அதுவே. புளியாலும் சாம்பலாலும் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது.

இன்று வீட்டிலேயே துப்புரவுப் பொருள் தயாரிக்கும் ஆர்வம் இளைஞரிடம் மீண்டும் தோன்றியிருக்கிறது. வரவேற்கத்தக்க ஆர்வம், ஆனால் அதற்கு அடிப்படை அறிவு வேண்டும். வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்தால் நுரை பொங்கும், பார்க்க அழகாயிருக்கும். ஆயினும் அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துவிட, எஞ்சுவது பெரும்பாலும் சிறிது உப்புக் கரைந்த நீரே. தனித்தனியாகப் பயன்படுத்தியிருந்தால் இரண்டும் உதவியிருக்கும். இதனினும் கொடியது வேறொன்று. எங்கள் தெருவில் ஒரு வீட்டில், கழிவறைக்கு அமிலம் ஊற்றிய இடத்திலேயே, இன்னும் நன்றாக வெளுக்கட்டும் என்று பிளீச்சிங் பவுடரையும் தூவிவிட்டார் வேலைக்கு வந்த பெண்மணி. உடனே குளோரின் வாயு கிளம்பியது. மூச்சுத் திணறி விழுந்த அவரைக் கதவைத் திறந்து வெளியே இழுத்துக் காப்பாற்றினார்கள். அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது என்பதை நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் வீட்டில் சொல்ல வேண்டும். வேலை செய்பவருக்கும் சொல்ல வேண்டும்; அவருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இந்த வரலாற்றை எண்ணிப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. துப்புரவுப் பொருள் எதுவும் தனித்து நிற்பதில்லை. அது ஒரு வாழ்க்கை முறையின் உறுப்பு. விறகடுப்பு இருந்ததால் சாம்பல் இருந்தது. பித்தளையும் செம்பும் இருந்ததால் புளிக்கு வேலை இருந்தது. தொழுவம் இருந்ததால் சாணம் இருந்தது. வீட்டுக்குள்ளேயே கூலியில்லாமல் உழைக்கும் பெண்கள் இருந்ததால் இவ்வளவும் நடந்தது. எரிவாயு அடுப்பு வந்ததும் சாம்பல் மறைந்தது, அடிக்கரியும் மறைந்தது. எவர்சில்வர் வந்ததும் களிம்பு மறைந்தது. எங்கள் வீட்டுக் கிணற்றடிச் சட்டிகள் ஒவ்வொன்றாக அகன்றது கடைக்காரரின் விளம்பரத்தால் மட்டும் அன்று. அவற்றைத் தாங்கி நின்ற வீடே மாறிவிட்டது. எனவே பழைய பொருளை மட்டும் பிரித்தெடுத்து இன்றைய வீட்டில் வைத்து, ‘இதுவே தூய்மை’ என்று கொண்டாடினால், அதன் பின்னாலிருந்த உழைப்பை மறைத்தவர்களாவோம். புதிய பொருளை மட்டும் கண்டு மகிழ்ந்தால், சாக்கடை வழியே அது போய்ச் சேரும் ஆற்றை மறந்தவர்களாவோம்.

ஆகவே, ஒரு பொருள் வீட்டில் செய்ததா, கடையில் வாங்கியதா என்று மட்டும் கேட்காமல், நான்கு கேள்விகளைக் கேட்கப் பழகுங்கள். இந்த அழுக்குக்கு இது ஏற்றதா? நோய்க்கிருமியை நீக்க வேண்டிய இடத்தில் இது நீக்குமா? இதைக் கையாள்பவர் யார், அவர் கைக்கும் நேரத்துக்கும் என்ன ஆகிறது? கழுவிய நீர் எங்கே போகிறது? கடைச் சோப்புக்கும் சீயக்காய்க்கும் இந்த நான்கும் பொதுவானவை. நான்காவது கேள்விக்கு வீடு மட்டும் விடை சொல்ல முடியாது. நகராட்சியும் அரசும் சாக்கடை நீரைச் சுத்திகரித்தே தீர வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது குடிமக்களாகிய நம் கடமை.

அண்மையில் என் அக்காள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். 80 வயதை நெருங்குகிறாள். என் பேத்தி விடாமல் அதே கேள்வியை அவளிடமும் கேட்டாள். அக்காள் சற்றுநேரம் பேசாமலிருந்தாள். பிறகு சொன்னாள்: “குத்துவிளக்குக்கு இன்றும் புளிதான் போடுகிறேன். பட்டுப்புடவைக்குப் பூந்திக்கொட்டைதான். ஆனால் பற்றுப்பாத்திரத்துக்குச் சாம்பல் போடச் சொன்னால் போடமாட்டேன். உன் அம்மாவையும் போடவிடமாட்டேன்.” சொல்லிவிட்டுப் பேத்தியின் மேசையிலிருந்த வரலாற்று நூலை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். என் பேத்திக்கு நான் சொல்ல நினைத்த விடையை அவள் என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டாள்.